அடுத்த வீட்டுக் கதையும் அடுத்த வீட்டுக்கான ஜெபமும்

கேள்வி:

ஐயா, திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். எங்கள் தெருவில் உள்ள குடும்பங்களை ஒரு நோட்டில் எழுதி, அவரவர் பிரச்சினையையும் பக்கத்தில் குறித்து, வரிசையாக ஜெபிப்பது வழக்கம். பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்காகப் பாரத்தோடு ஜெபித்தோம். எங்களில் ஒருவர் அதை வாட்ஸப் குழுவிலும் ஜெபக்குறிப்பாகப் போட்டுவிட்டார். எப்படியோ அது அவள் மாமியார் ஊர் வரைக்கும் போய்விட்டது. அவள் அம்மா என் வாசலில் நின்று, "எங்க வீட்டுக் கதையை ஜெபம்ங்கிற பேர்ல ஊரெல்லாம் பரப்பிட்டீங்களே" என்று அழுதார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

எதிர்வீட்டுக்காரர் குடிக்கிறார். பல வருஷமாக ஜெபித்தும் மாற்றமில்லை. அவர் மனைவியிடம், "விசுவாசத்தோட பொறுத்திரு" என்றுதான் சொல்லி வருகிறோம். இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் தாயே வந்து ஜெபிக்கக் கூப்பிடுகிறாள். அவள் கணவரோ நாங்கள் மதம் மாற்ற வருகிறோம் என்கிறார். அந்தப் பிள்ளையின் நெற்றியில் திருநீறு இருக்கும்போது கை வைத்து ஜெபிக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். பேசாமல் ஜெபிப்பதையே விட்டுவிடலாமா? பொங்கலுக்கு அக்கம்பக்கத்தார் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தையும் நிறுத்த வேண்டாம். ஆனால் அதில் ஜெபிக்கிற விதத்தை மாற்றியாக வேண்டும். வாட்ஸப் குழுவில் அடுத்த வீட்டு விஷயங்கள் வருவதை மட்டும் இந்தப் பதிலைப் படித்த கையோடு நிறுத்திவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னது கடுமையான வார்த்தைதான். ஆனாலும் அவர் சொன்னது சரி. உங்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் அவர் மகளுக்கு நேர்ந்தது இல்லையென்று ஆகிவிடாது. நம் பக்கத்தில் ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் முதல் சில வாரங்கள் ரொம்ப முக்கியம். யாருக்கும் தெரியாதவரை "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள்" என்று சொல்லிச் சமாளிக்கலாம். யார் வேண்டுமானாலும் கௌரவம் குறையாமல் இறங்கி வரலாம். விஷயம் ஊர் வாயில் விழுந்துவிட்டால் அது புருஷன் பெண்டாட்டி பேச்சாக இருக்காது. இரண்டு வீட்டு மானப் பிரச்சினையாகிவிடும், பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பிப் போவதா வேண்டாமா என்று அவள் நிதானமாக யோசிக்க வேண்டிய நேரத்தைத்தான் அந்த ஒரு வாட்ஸப் செய்தி பறித்துக்கொண்டது.

போதகராகவும் குடும்ப ஆலோசகராகவும் டெல்டாவின் பல சபைகளில் வேலை பார்த்தவன் நான். இந்தப் புகாரை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். வாட்ஸப் வருவதற்கு முன்பும் இது இருந்தது. போய்ச் சேர அப்போது இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். அதனால் போனைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. கூட்டத்தில் நாம் ஜெபிக்கிற பாணியிலேயே இது இருக்கிறது.

அந்தப் பாணி உங்களுக்கும் தெரியும். "ஆண்டவரே, இந்த மகளை உம்முடைய சமூகத்தில் வைக்கிறோம் அப்பா. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒத்தைப் பையோட ஆட்டோவில் வந்து இறங்கினாளே, அதை நீர் பார்த்தீர் ஆண்டவரே. போட்டிருந்த நகையை மாமியார்க்காரி கழற்றி வாங்கிக்கொண்டதையும் நீர் அறிவீர் சுவாமி..." கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஏழு பேரில் நாலு பேருக்கு நகை விஷயம் அப்போதுதான் தெரியவருகிறது. ஒருவர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே லேசாகக் கண்ணைத் திறந்து பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறார்.

ஆண்டவர் பார்த்தார், ஆண்டவர் அறிவார் என்று ஜெபிக்கிறவரே சொல்லிவிடுகிறார். நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்பே நமக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8 சொல்கிறது. அவருக்குத் தெரிந்ததை அவருக்கே இத்தனை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த விவரம் யாருக்கு? கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான். வேண்டுமென்று செய்வதில்லை என்பது எனக்கும் தெரியும். மனசில் இருக்கிற பாரம் வாயில் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து இதையே சொன்னால் "ஊர்வம்பு பேசாதே" என்று யாராவது அதட்டுவார்கள். ஜெபத்தில் சொன்னால் யாரும் அதட்ட மாட்டார்கள். அதுதான் இதில் உள்ள ஆபத்து. "புறங்கூறித்திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்று நீதிமொழிகள் 11:13 இருக்கிறது. ஜெபத்தில் புறங்கூறினால் பரவாயில்லை என்று அதில் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

அதனால் கூட்டத்தில் ஜெபிக்கும்போது வீட்டையும் ஆட்களின் பெயரையும் மட்டும் சொல்லுங்கள். காரணம் வேண்டாம். "ஆண்டவரே, இந்த வீட்டிலுள்ளவர்களுக்கு இன்று வேண்டியதைக் கொடும். எங்களால் ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் காட்டும்." இவ்வளவு போதும். அதன்பின் ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியாக இருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இது உப்புச்சப்பில்லாமல் இருக்கும், "அபிஷேகமே இல்லையே" என்று யாராவது குறைப்படுவார்கள். படட்டும். தெரு முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பிக்காமல் வாரத்துக்கு இரண்டு மூன்று குடும்பம் என்று வைத்துக்கொண்டால் அந்த அமைதியில் நினைக்க நிறைய இருக்கும்.

விவரமாக அழுது ஜெபிக்க வேண்டுமா? தாராளமாகச் செய்யலாம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னாரே இயேசு, அது இதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். விடியற்காலையில் உங்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது நகை, மாமியார், ஆட்டோ எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோட்டில் பிரச்சினை குறித்து வைத்திருக்கிற பக்கங்களை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். நோட்டை யாரோ ஒருவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருகிற நாள் ஒன்று கட்டாயம் வரும்.

அந்த அம்மாவிடம் போய்த்தான் ஆக வேண்டும். தனியாகப் போங்கள். வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், குழுவிலிருந்து யாரையும் கூட்டிக்கொண்டும் போக வேண்டாம். "நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தை வந்தவுடன் மன்னிப்பு வழக்காடலாக மாறிவிடும். வாட்ஸப்பில் போட்டது நானில்லை என்றும் சொல்லாதீர்கள், கூட்டத்தை நடத்துவது நீங்கள்தானே. "அக்கா, உங்க வீட்டு விஷயத்தை நாங்க வெளியில பேசினது தப்பு. இனிமே எங்க கூட்டத்துல உங்க வீட்டுப் பேச்சு வராது. இதனால உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டியது இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்தபிறகுதான் கெடுத்தார்கள். கிளம்பும்போது "ஒரு சின்ன ஜெபம் பண்ணிடட்டுமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவரே கேட்டால் ஒழிய அந்த வீட்டில் இப்போதைக்கு ஜெபம் வேண்டாம்.

அப்புறம், மற்ற வீடுகளுக்கு. ஒரு குடும்பத்துக்காகக் கூட்டத்தில் ஜெபிக்கப் போகிறீர்கள் என்றால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். எரிகோ சாலையில் பர்திமேயு என்ற குருடனைப் பார்த்து இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்டார். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டுவிட்டுத்தான் செய்தார். நாமோ கேட்காமலே ஒரு வீட்டின் வியாதியை முடிவு செய்துவிடுகிறோம். "உங்களுக்காக ஜெபிக்கலாமா? எதுக்காகன்னு சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, இல்லேன்னா வேணாம்." இப்படிக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் நோட்டில் எழுதி வைத்திருந்ததற்கும் அவர்கள் சொல்வதற்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். அந்த அம்மாவோ கொள்முதல் நிலையத்தில் கிடக்கிற நெல்லைப் பற்றிச் சொல்வார்.

அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெல்டாவில் குடும்பத்துக்காக ஜெபிக்கிறவர்களுக்கு விவசாயப் பஞ்சாங்கம் தெரிந்திருக்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்பதில் ஆரம்பிக்கிறது இங்கே வீட்டுச் சண்டை. தண்ணீர் தள்ளிப்போனால் குறுவை இல்லை, குறுவை இல்லாவிட்டால் நடவுக்குப் போகிற பெண்கள் கையில் காசு இல்லை. வடகிழக்குப் பருவமழையில் சம்பா மூழ்கினால் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டாலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். தளர்வு கேட்டு ஒவ்வொரு வருஷமும் மனு போகும். தார்ப்பாய் போட்டு மூட்டைக்குக் காவலாகப் படுத்திருக்கிற மனுஷன் வீட்டுக்கு வந்து யார்மேல் எரிந்து விழுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் "குடும்ப சமாதானத்துக்காக" என்று பொதுவாக ஜெபிப்பதைவிட, ரெண்டு நாள் வெயில் கேட்டு ஜெபிப்பது அந்த வீட்டுக்கு நெருக்கமான ஜெபம். இரவு காவலுக்கு ஒரு பிளாஸ்க் டீ கொடுத்தனுப்புவதும் அதோடு சேர்ந்ததுதான்.

பெண்கள் யாராவது திடீரென்று வெள்ளிக்கிழமை வராமல் நின்றுவிட்டால் "விசுவாசத்தில் குளிர்ந்துபோனாள்" என்று முடிவு கட்டாதீர்கள். குழுக் கடன் தவணை நாள் எது என்று விசாரியுங்கள். பல ஊர்களில் வசூலுக்கு வருகிறவருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். நுண்கடன் வாங்கியவர்களைக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, கேவலப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகளில் இருக்கிறது. அதைச் சொல்லி அவள் வாசலில் கூட நிற்க ஒரு ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

இனி எதிர்வீடு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

"விசுவாசத்தோட பொறுத்திரு" என்பதை இனிமேல் அவளிடம் சொல்லாதீர்கள். அவர் அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவளிடம் கேட்டதுண்டா என்றும் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது, தண்ணீர் எடுக்கிற இடத்திலோ களத்திலோ, நேரடியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்ல நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயங்குகிற பெண்கள்கூட அவரிடம் போகலாம். போவதா இல்லையா என்பது அவள் முடிவு. உங்கள் குழு செய்யக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டினால் திறக்கிற வீடு எது? அடுத்த வெள்ளிக்கிழமை அதைப் பேசி முடிவு செய்யுங்கள். முடிவானதும் அவளிடம் சொல்லி வையுங்கள். இந்தப் பேச்சுக்குப் பாட்டும் வசனமும் தேவையில்லை.

அவருடைய குடியைப் பற்றி. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. நம் கூட்டங்களில் இப்படி நடப்பது உண்டு: ஒருவர் எழுந்து அழுது, "இன்னையிலேருந்து தொடமாட்டேன்" என்று பொருத்தனை பண்ணுவார், எல்லாரும் அல்லேலூயா சொல்வோம். ஓரிரு நாளில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். சிலர் இல்லாததைப் பார்த்துப் பேசுவார்கள். அதைப் பிசாசின் போராட்டம் என்று நினைத்துச் சுற்றி நின்று இன்னும் சத்தமாக ஜெபித்தால் ஆள் இறந்தே போகலாம். அது 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம். ஆகவே நிறுத்துகிறேன் என்று அவர் மனசு இளகிச் சொன்னால், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போகிற ஏற்பாட்டைச் செய்யுங்கள். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போனில் பேசிப் பார்க்க 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். மருந்து எடுத்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்று யாராவது சொன்னால், லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று பவுல் எழுதியதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

சிகிச்சைக்குப் போய்வந்த பிறகும் அவர் மறுபடி குடிக்கலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் நடக்கிறது. அப்போது "ஜெபத்தைப் பாழாக்கிட்டியே" என்று அவரிடமும், "உன் விசுவாசத்துல எங்கேயோ குறை" என்று அவளிடமும் யாரும் போய்ச் சொல்லக்கூடாது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா இவன் பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டுமில்லை என்றுதான் பதில் வந்தது. இத்தனை வருஷம் ஜெபித்தும் ஏன் மாறவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் கிடையாது. இருப்பதாகச் சொல்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

மதம் மாற்ற வருகிறீர்கள் என்று சந்தேகப்படுகிற அந்தக் கணவருக்கு வருவோம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கும்போது எல்லா மதத்தாரும் நடந்தே வந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்கள், யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. அங்கே அவர்கள் தாங்களாகத் தேடி வருகிறார்கள். உங்கள் குழுவோ அவர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டுக்குள் போகிறது. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மனைவி கூப்பிட்டாலும் கணவருக்குத் தெரிந்தே போக வேண்டும், முடிந்தால் அவர் வீட்டில் இருக்கும்போது. எட்டுப் பேர் திரண்டு போக வேண்டாம், ஒருவரோ இருவரோ போதும். கைப்பிரதி வேண்டாம். பிள்ளை குணமானால் "எங்க ஜெபத்தால பிழைச்சான்" என்று சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டாம். அது அவர்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் சாட்சி அல்ல. அவர் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டால் போகாதீர்கள். வீட்டிலிருந்து ஜெபிப்பதை யார் தடுக்கப் போகிறார்கள்?

அவர்கள் நம் வழிக்கு வந்தால்தான் ஜெபம் பலித்தது என்று உங்களில் சிலருக்கு எண்ணம் இருக்கக்கூடும். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கம் போனால் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். மரணப் படுக்கையில் கிடக்கிற சுவார்ட்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் சரபோஜி நிற்கிறார். 1750-இல் தரங்கம்பாடி வந்து 1798-இல் தஞ்சையில் இறந்த மிஷனரி அவர். சரபோஜியைச் சிறுவயதிலிருந்து பாதுகாத்துப் படிக்கவைத்தவர். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, கடைசிவரை இந்து மன்னராகவே இருந்தார். அந்தச் சிற்பத்தைச் செய்வித்து வைத்தது அவர்தான். சுவார்ட்ஸின் ஊழியத்தில் இதைத் தோல்வி என்று கணக்கெழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று கண்ணில் பட்டது. "எங்கள் தெருவில் உள்ள குடும்பங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் தெரு, காலனி என்று இரண்டு இருக்கும் என்றே நினைக்கிறேன். காலனிக் குடும்பங்கள் நோட்டில் உண்டா? வெள்ளிக்கிழமைக் கூட்டம் மாறி மாறி நடக்கிற வீடுகளில் அங்கே ஒரு வீடாவது உண்டா? இந்த வியாதி நம் சபைகளுக்குப் புதிது அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூர் சபையில் பெரிய எதிர்ப்பே கிளம்பியது. இன்றைக்கு அப்படி வெளிப்படையாக யாரும் எதிர்க்க மாட்டார்கள். நோட்டில் பெயர் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். அங்கே போய் ஜெபித்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், அங்குள்ள பெண்களை உங்கள் வீட்டில் நடக்கிற கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஜெபத்தை நடத்தச் சொல்லுங்கள். உங்களுக்காக அவர்கள் ஜெபிக்கட்டும். குழுவில் முணுமுணுப்பு வந்தால் அடுத்த கடிதம் எழுதுங்கள், அதைத் தனியாகவே பேச வேண்டியிருக்கும்.

திருநீறு விஷயம் சுலபம். பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசியது அதன் தாய். அவளும் அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் பூசினாள். அதைத் துடைக்கவும் கூடாது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் கூடாது. தலையிலோ கையிலோ கை வைத்து ஜெபியுங்கள், அதுவும் "தொட்டு ஜெபிக்கலாமா" என்று கேட்டுவிட்டு. நெற்றியில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. ஜெபம் முடிந்ததும் காய்ச்சல் எத்தனை நாளாக அடிக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் அங்கன்வாடியில் இருந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மூன்று நாள் தாண்டினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் உண்டு, வயல் தண்ணீரில் நடக்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. துணைக்கு ஆள் இல்லையென்றால் நீங்களே பஸ் ஏறிக் கூடப் போங்கள்.

சர்க்கரைப் பொங்கல்: நான் வாங்கிச் சாப்பிடுவேன். ஒருவர் உங்களை விருந்துக்கு அழைத்தால், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரிக்காமல், முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்று 1 கொரிந்தியர் 10-இல் பவுல் எழுதுகிறார். படைத்தது என்று யாராவது சொன்னால் தவிர்க்கும்படியும் அடுத்த வசனத்திலேயே சொல்கிறார், ஆகவே உங்களில் சிலருக்கு உறுத்தினால் அதையும் நான் மதிக்கிறேன். அவர்கள் முகத்துக்கு நேரே, "நாங்க சாப்பிடுறதில்லைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடலாம். வாங்கிக்கொண்டு வந்து பின்பக்கமாக மாட்டுத் தொட்டியில் கொட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், அது கட்டாயம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாங்கினால் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். பேசாமல் இருக்கிற பக்கத்து வீட்டு அம்மா இந்தப் பொங்கலுக்குக் கொடுத்தனுப்பாவிட்டாலும், கிறிஸ்மஸ் பலகாரத்தை அவர் வீட்டுக்கும் வழக்கம்போல அனுப்பிவிடுங்கள்.